கடைசி நாள்: இரவு 11.40 விமானம், 28 பிள்ளைகள், பகல் முழுக்க என்ன செய்வது?

இயற்பியல் வாத்தியார்:

வணக்கம். அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகள் 28 பேரை எட்டு நாள் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிறோம். பெரியவர்கள் என்று நானும் இன்னொரு டீச்சரும்தான். முதல் ஏழு நாள் மணிவாரியாக அட்டவணை இருக்கிறது, கவலை இல்லை. எட்டாம் நாள்தான் உதைக்கிறது. பகல் 12க்கு அறையைக் காலி செய்ய வேண்டும், விமானமோ இரவு 11.40. ஏஜென்ட் மதியம் அருங்காட்சியகம், மாலை கடைத்தெரு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் "சார், கடைசி நாள் மட்டும் மூணு மணி நேரம் எங்க இஷ்டத்துக்கு விடுங்க" என்று இப்போதே மனுப் போட்டாயிற்று. விடலாமா? அன்றைக்குப் பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கட்டுமா, என்னிடமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிட்டயர்டு பூகோளம்:

சார், நான் ஆறு முறை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். கடைசி நாள் காலையில் மட்டும் அவர்களைப் பெட்டி கட்ட விடாதீர்கள். ஏழாம் நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே கட்டச் சொல்லி, நீங்களும் டீச்சரும் அறை அறையாகப் போய்ப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாவது பயணத்தில் கவுண்டரில் எங்கள் பெட்டிகள் பாதிக்கு மேல் உள்ளே போன பிறகு ஒன்றை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். உள்ளே பவர் பேங்க். பையன் தரையில் உட்கார்ந்து திறக்கிறான். மேலே ஈரத் துண்டு, அதன் கீழே நொறுங்கின பிஸ்கட், அழுக்குச் சட்டைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஷூ, ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் அது. "உடையாம இருக்கணும்னு வச்சேன் மிஸ்." எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. நாற்பது நிமிஷம் போயிற்று.

லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால், கேபினில் என்றால் பணியாளர்கள் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். சரக்கு அறையில் யார் போய்ப் பார்ப்பது? அதனால்தான் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும் என்கிறார்கள். பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதற்கு வாட்-மணிதான் அளவு; 100 வாட்-மணி வரை பொதுவாக அனுமதி. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். பவர் பேங்கின் மேல் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணியை (mAh) 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி வந்துவிடும். 20,000 என்று போட்டிருந்தால் 74தான். நீங்கள் இயற்பியல்தானே, வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள்!

கைப்பையிலும் ஒரு வம்பு உண்டு. தண்ணீருக்குள் பனி விழுகிற மாதிரிக் கண்ணாடி உருண்டை விற்பார்களே, ஒரு பெண் பாட்டிக்கென்று வாங்கி, உடையக் கூடாதே என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். சோதனையில் வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதுவும் திரவம்தான், 100 மில்லிக்கு மேல். 2006இல் விமானத்தில் திரவ வெடிமருந்து வைக்கும் சதி பிடிபட்டதிலிருந்து இருக்கும் விதி. சில விமான நிலையங்களில் புது ஸ்கேனர் வந்து தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிப் போக வேண்டாம். வாங்கின சாமான் எல்லாவற்றையும் முந்தின இரவே மேஜையில் பரப்பச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும். கவுண்டர் வரிசையில் நிற்கும்போது கையில் கொடுங்கள். ஆனால் ஏழாம் நாள் காலையிலேயே 28ஐயும் ஒருமுறை எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தால் அவசரப் பயணச் சான்றுக்குத் தூதரகம் ஓட வேண்டும், அதற்கு அது திறந்திருக்கும் ஒரு பகலாவது வேண்டும். நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் முன்னாலேயே எண்ணுங்கள். நகலும் ஆளுக்கு இரண்டு போட்டோவும் தனிப் பையில்.

ஊர் சுற்ற விடுவது எனக்குச் சரிப்படாது. கடைசி நாள் பிள்ளைகளின் உடம்பு இங்கே இருக்கும், புத்தி வீட்டுக்குப் போய்விட்டிருக்கும்.

மாடிப்படி:

டீச்சர் சொன்னதில் கடைசி இரண்டு வரி தவிர எல்லாவற்றுக்கும் சரி. நான் மாணவியாகப் போனவள். கடைசி நாள் அருங்காட்சியகத்தில் எங்களில் பாதிப் பேர் பெஞ்சில் தூங்கினோம். என்ன பார்த்தோம் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கப்புறம் கிடைத்த இரண்டு மணி நேரம் நன்றாக நினைவிருக்கிறது. நான்கு பேர் ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து ஒன்றும் செய்யவில்லை. ஒருத்தி செருப்பைக் கழற்றி, எட்டு நாளில் வந்த கொப்புளங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

விடுங்கள் சார். நான்கு நான்கு பேராக, ஒரே தெருவட்டத்துக்குள், ஒரே சந்திப்பு இடம் என்று விடுங்கள். ஒன்று கவனியுங்கள்: ஏழு நாள் சிம் வாங்கியிருந்தால் எட்டாம் நாள் நெட் இருக்காது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. வாட்சாப்பை நம்பாமல் இடம், நேரம், உங்கள் எண் மூன்றையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டிதூக்கி:

பெட்டிகளை ஓட்டல் வரவேற்பறையில் விட்டுப் போகலாமா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். மருந்து, சுவெட்டர், சார்ஜர் மட்டும் கையோடு. பல கவுண்டர்கள் விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். முப்பது பேர் என்றால் 8 மணிக்கே விமான நிலையத்தில் இருங்கள். மீந்த சில்லறையை நாணய மாற்றுக் கடையில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். எல்லாரிடமும் திரட்டித் தண்ணீர் பாட்டில் வாங்கிவிடுங்கள்.

இயற்பியல் வாத்தியார்:

போய் வந்துவிட்டோம். அருங்காட்சியகத்தை வெட்டிவிட்டேன். பூகோளம் டீச்சர் மன்னிக்க, இரண்டரை மணி நேரம் விட்டேன். முந்தின இரவு சோதனையில் 28 பேரிடம் 31 பவர் பேங்க். 30,000 ஒன்று இருந்தது. 111 வாட்-மணி என்று கணக்குப் போட்டவன் அதன் சொந்தக்காரனேதான். அனுமதி கேட்டு எழுதினேன், கிடைத்தது. கண்ணாடி உருண்டை மூன்று, மூன்றும் பெட்டிக்குள் போயின.

சந்திப்பு மணிக்கூண்டுக்குக் கீழே, 4.30க்கு. 27 பேர் வந்தார்கள். ஒருவனைக் காணோம். போன் அடித்தால் போகவில்லை. அவனோடு போன மூன்று பேர் "இங்கதான் சார் வந்தான்" என்கிறார்கள். டீச்சரை மற்றவர்களோடு நிறுத்திவிட்டு, பதினோரு நிமிஷம் நான் தெருத்தெருவாக ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், கூண்டுக்கு நான்கு பக்கமும் கடிகாரம். அவன் பின்பக்கக் கடிகாரத்துக்குக் கீழே 4.10லிருந்து நிற்கிறான். "நீங்கதான் சார் லேட்டு" என்றான்.