சபையில் "ஏது, எங்கே" என்ற பேச்சு: பர்மாவிலிருந்து சில அனுபவங்கள்

ரங்கூன், தமிழ்த் திருச்சபைக் கமிட்டி உறுப்பினர்:

எங்கள் கமிட்டியில் எதை எடுத்தாலும் முதலில் வரும் பதில் "அதுக்கெல்லாம் காசு ஏது?" என்பதுதான். ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் வகுப்பு வைக்கலாம் என்றால், "பிள்ளைங்க எங்க இருக்கு? எல்லாம் வெளிநாடு போயாச்சு" என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. 2024-ல் கட்டாய ராணுவச் சேவை அறிவித்த பிறகு வாலிபர் வரிசை காலியாகிக்கொண்டே வருகிறது.

இதை அவிசுவாசம் என்று கண்டிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், வேதாகமத்தில் கானானை வேவு பார்த்துவிட்டு ஜனங்களைக் கலங்கப்பண்ணிய பத்துப் பேரோடு இவர்களை ஒப்பிட்டுப் பேசினார். பெரியவர்கள் தலைகுனிந்து கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் பேச்சு இன்னும் கசந்ததே தவிர, ஒருவர் மனமும் திரும்பவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடைகள் அரசுடைமையாயின, நம் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மறு வருஷம் மிஷன் பள்ளிகளும் கைவிட்டுப் போயின. 1985-ல் மறுபடியும் நோட்டு செல்லாமல் போனது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளுக்கு மாற்றுப் பணம்கூடக் கிடையாது. இத்தனையும் பார்த்தவரிடம் போய் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், செலவழியுங்கள்" என்றால் எப்படிக் கேட்பார்?

எங்கள் போதகர் ஐயா செய்தது எனக்குப் பிடித்தது. ஒரு மாதம் கமிட்டியில் எந்தத் தீர்மானமும் வேண்டாம் என்று சொல்லி, பெரியவர்களைத் தங்கள் கதையைச் சொல்லவைத்தார். பலர் அழுதார்கள். அதில் ஒரு பாட்டி சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "எங்கப்பா பெட்டியில பூட்டி வச்சதெல்லாம் கடுதாசியாப் போச்சு. பக்கத்து வீட்டு பர்மாக்காரிக்குக் கடன் கொடுத்த அரிசிதான் அந்த மாசம் திரும்பி வந்து எங்களுக்குச் சோறாச்சு."

பிடி அரிசிக் காணிக்கையைத் தொடங்கச் சொன்னவரும் அந்தப் பாட்டிதான். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பழகிய வழக்கம்: உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவருவது. அரிசி விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் இது நடக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் பணக் காணிக்கை போட முடியாமல் பின்வரிசையில் கூனிக்குறுகி உட்கார்ந்தவர்கள்தான் முதலில் பை கொண்டுவந்தார்கள். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் கொடுத்ததைப் பவுல் ஏன் அவ்வளவு வியந்து எழுதினார் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. சேர்ந்த அரிசி, வேலை போன குடும்பங்களுக்குப் போகிறது. வாங்குகிற வீடும் அடுத்த வாரம் ஒரு பிடி கொண்டுவருகிறது.

இன்னொன்று, பொருளாளர் இப்போது மாதக் கணக்கை ஆராதனை முடிவில் சத்தமாக வாசிக்கிறார். கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்ததும் புரளி பாதி அடங்கியது.

மாண்டலே, விசுவாசி:

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் சபையிலும் இதே பேச்சு. உதவிக்குப் பணம் சேர்த்தபோது ஓர் அண்ணன் எழுந்து, "நம்ம வீடே பிளந்து கிடக்கு, வெளியாளுக்கு எதுக்கு?" என்றார். சிலர் அவரை அதட்டினார்கள். மூப்பர் ஒருவர் மட்டும் அன்று சாயங்காலமே தார்ப்பாயும் மூங்கிலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். சுவர் முழுக்க விரிசல், குடும்பமே தெருவில் படுத்திருந்தது. அதுவரை யாருமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பக்கத்துத் தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது வண்டி ஓட்டியவர் அந்த அண்ணன்தான். எதிர்த்துப் பேசுகிறவர் வீட்டுக்கு முதலில் போய்ப் பாருங்கள் என்பேன்.

மோல்மேன், மாதர் சங்கம்:

எங்கள் கவலை வேறு. குறைவுப் பேச்சுக்கு மருந்து என்று சொல்லி "விதைக் காணிக்கை போடுங்கள், நூறத்தனையாய் அறுப்பீர்கள்" என்று ஒருவர் கூட்டம் நடத்தினார். கையில் ஒன்றுமில்லாத ஒரு தங்கச்சி காதுத் தோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டாள். இதுவும் பயத்தில் கொடுத்ததுதானே? நாங்கள் கமிட்டியில் பேசித் தோட்டை அவள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு இனி ஆலயத்தைத் தருவதில்லை என்று தீர்மானமும் எழுதியாகிவிட்டது.