ஆண்டுக் கூடுகைகள் பழைய குழல் ஆர்கன்களைக் காக்கின்றனவா, பணத்தைக் கரைக்கின்றனவா?

தோல்துருத்தி:

பழைய குழல் ஆர்கன் ஆர்வலர்களின் ஆண்டுக் கூடுகைகளை இங்கே எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் எதிர்த்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழல் ஆர்கன் என்பது வரிசை வரிசையாக நிற்கும் குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய இசைக்கருவி, பெரும்பாலும் தேவாலயங்களில் இருப்பது. அமெரிக்காவில் ஆர்கன் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி 1956-இல் தொடங்கப்பட்டது. வழக்கமாகக் கோடையில் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே பல நாட்கள் கூடுகிறார்கள். காலையில் பஸ் ஏறினால் இரவு வரை தேவாலயம் தேவாலயமாகப் போய், ஒவ்வொன்றிலும் அங்குள்ள ஆர்கனில் ஒரு சிறு கச்சேரி கேட்கிறார்கள். ஜெர்மனியில் 1951-இல் தொடங்கிய ஆர்கன் நண்பர்கள் சங்கமும் ஆண்டுதோறும் இப்படி ஒரு மாநாடு நடத்துகிறது. திரையரங்க ஆர்கன்களுக்கென்று தனிச் சங்கமும் தனி மாநாடும் உண்டு.

இத்தனை விமானம், விடுதி, பஸ் செலவில் எத்தனை ஆர்கன்களின் தோலை மாற்றியிருக்கலாம்? மின்சாரமும் காற்றும் சேர்ந்து வால்வைத் திறக்கும் வகை ஆர்கன்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் சின்னஞ்சிறு தோல் பைகள் உண்டு. சில பத்தாண்டுகளில் தோல் இற்றுவிடும். முதலில் ஒரு சுரம் ஊமையாகும், பிறகு ஒரு வரிசையே ஊமையாகும். அதைச் சரிசெய்யக் குழல்களைக் கழற்றி, அவை நிற்கும் காற்றுப்பெட்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு மதிப்பீட்டைப் பார்த்ததும் தேவாலயக் குழு ஒரு மின்னணுக் கருவியை வாங்கிவிடுகிறது. பழைய ஆர்கன் சாவது அந்தக் கூட்டத்தில்தான். நம்மவர்கள் அப்போது வேறொரு மாநிலத்தில் நன்றாக வாசிக்கும் ஆர்கனைக் கேட்டுக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடுகையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடத்துங்கள், மிச்சப் பணத்தைத் தோலுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் வாதம்.

மரக்குழல்:

முழுக்க மறுக்கிறேன், தோல்துருத்தி அவர்களே.

அந்தக் குழு மின்னணுக் கருவிக்குக் கைதூக்குவதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை. தங்களிடம் இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் மூன்று ஸ்டாப்களை (குழல் வரிசைகளை ஒலிக்கவைக்கும் குமிழ்களை) மட்டும் இழுத்து மெதுவாக வாசிக்கப்படும் கருவியைத்தான் அவர்கள் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். தேர்ந்த ஒருவர் அதே ஆர்கனை முழு வீச்சில் வாசிக்கிறார். அமெரிக்கக் கூடுகைகளில் ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு பாமாலையை எல்லோரும் சேர்ந்து பாடும் மரபு உண்டு. நூற்றுக்கணக்கான இசைப் பயிற்சி பெற்ற குரல்கள் நான்கு பகுதிகளாகப் பாடும்போது, அந்த ஆர்கன் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையைச் செய்கிறது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் குழு உறுப்பினரும் அதைக் கேட்கிறார். எந்த நன்கொடைக் காசோலையாலும் அவருக்கு அதைக் கேட்கவைக்க முடியாது.

வரலாற்றையும் பாருங்கள். 1956-இல் நியூயார்க்கில் ஆர்கன் இசைஞர்களின் மாநாட்டுக்கு வந்த ஒரு சிலர் தனியாகச் சந்தித்துப் பேசியதில் பிறந்ததுதான் அந்த அமெரிக்கச் சங்கம். நெடுஞ்சாலைகளுக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் பழைய தேவாலயங்கள் இடிந்துகொண்டிருந்த காலம் அது. இடமிழந்த ஆர்கன்களுக்குப் புதிய வீடு தேடித்தரும் ஆர்கன் கிளியரிங் ஹவுஸ் 1961-இல் வந்தது. ஒருவரையொருவர் அறிந்த ஆட்கள் இல்லாமல் அந்த வேலை நடக்காது. பாஸ்டன் அருகே வூபர்னில் 1870-இல் ஹுக் சகோதரர்கள் வைத்த ஆர்கன் இன்று பெர்லினில் ஒரு தேவாலயத்தில் ஒலிக்கிறது. கடல் கடந்து அதை வாங்க வந்தவர்களுக்கு அதன் அருமையை யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா?

காற்றறை:

நான் ஆர்கன் வாசிப்பவன். கூடுகைகளுக்குப் போயிருக்கிறேன், இனியும் போவேன். ஆனால் மரக்குழல் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

வாசிக்கக்கூடிய ஆர்கன்கள்தான் நிகழ்ச்சி நிரலில் இடம் பெறுகின்றன. அது இயல்பு, ஊமை ஆர்கனில் கச்சேரி வைக்க முடியாது. ஆனால் அதன் விளைவு என்ன? ஏற்கெனவே நன்றாக இருப்பவற்றுக்கே மேலும் புகழ் சேர்கிறது. அதே தெருவில் இரண்டு கட்டடம் தள்ளி, மரத்திரை போட்டு மூடி, முன்னால் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் ஆர்கனைக் கடந்து பஸ் போய்விடுகிறது. ஆபத்தில் இருப்பது எதுவோ அதை நாம் பார்ப்பதே இல்லை.

தோல்துருத்தி:

காற்றறை சொல்வதைத்தான் நானும் வேறு வார்த்தைகளில் சொல்கிறேன்.

ஜெர்மனியின் லூபெக் நகரில் புனித யாக்கோபு தேவாலயத்தில் ஸ்டெல்வாகன் என்ற கட்டுநர் 1637-இல் விரித்துக் கட்டிய ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஈயக் குழல்கள் அரித்துக்கொண்டே போயின. காரணம் கண்டுபிடித்தவர்கள் வேதியியலாளர்கள். ஓக் மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் காற்றோடு கலந்து குழலின் அடிப்பகுதியை உள்ளிருந்து தின்றது. கோதன்பர்க் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து இதைச் சொன்னார்கள். கச்சேரி கேட்டுப் பாமாலை பாடியவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

கேட்பவர்கள் திரண்டால் ஆர்கன் பிழைக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. பிலடெல்பியாவின் வானமேக்கர் ஆர்கனுக்கு 28,000-க்கும் அதிகமான குழல்கள். 1911 முதல் ஒரு கடைக்குள்ளே, வாங்க வருபவர்களுக்கு நடுவில் ஒலித்துவந்த கருவி அது. அதற்கு இல்லாத ரசிகர்களா? 2025 மார்ச்சில் அந்த இடத்தில் இருந்த மேசிஸ் கடை மூடப்பட்டது. கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கடைசியில் தீர்மானிக்கிறது.

மரக்குழல்:

வானமேக்கர் உதாரணம் எனக்கே சாதகமானது. கடை மூடியபோது அந்த ஆர்கன் பழுதடைந்த குப்பையாக இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். 1991-இல் தொடங்கிய நண்பர்கள் சங்கம் பல ஆண்டுகள் பாடுபட்டு வரிசை வரிசையாக அதைச் சீர்செய்திருந்தது. ஆண்டுதோறும் அதற்கென்று ஒரு நாள் வைத்துக் கூடியவர்கள் அவர்கள்.

லூபெக் பற்றிச் சொன்னீர்கள். ஆய்வாளர்களுக்கு அந்த ஆர்கன் ஏன் முக்கியமாகப் பட்டது? அந்த வகைப் பழைய ஆர்கன்களின் மதிப்பை ஒரு கூடுகை முன்பே உணர்த்தியிருந்தது. 1925-இல் ஹாம்பர்க்–லூபெக் ஆர்கன் மாநாடு நடந்தது. ஹாம்பர்க் புனித யாக்கோபு தேவாலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் 1693-இல் கட்டி முடித்த ஆர்கனை எழுத்தாளர் ஹான்ஸ் ஹென்னி யான் மீட்டெடுக்கப் போராடிக்கொண்டிருந்தார். அதன் முகப்புக் குழல்களை வெள்ளீயத்துக்காக 1917-இல் போர் தின்றுவிட்டது. மீதமிருந்ததன் மதிப்பை உலகுக்கு உணர்த்தியது அந்த ஒன்றுகூடல். அடுத்த போரில் தேவாலயம் எரிந்தபோது குழல்கள் பத்திரமாக வேறிடத்தில் இருந்தன. 1993-இல் ஆர்கன் கட்டுநர் யூர்கன் ஆரெண்ட் அந்த ஆர்கனுக்கு உயிர் கொடுத்தார். மதிப்பு தெரிந்ததால்தான் காத்தார்கள்.

பழம்பதிவு:

1925 மாநாட்டை இவ்வளவு எளிதாகப் பாராட்டிவிட்டுக் கடக்க நான் விடமாட்டேன். அதில் தொடங்கிய அலைதான் ஆர்கன் இயக்கம். 1926-இல் ஃப்ரைபர்க், 1927-இல் சாக்சனியின் ஃப்ரைபெர்க் என்று மாநாட்டுக்கு மேல் மாநாடு. ஷ்னிட்கர் காலத்துப் பரோக் பாணி ஆர்கனே உண்மையான ஆர்கன், 19ஆம் நூற்றாண்டில் கட்டியவை கெட்டுப்போன ரசனையின் விளைவு என்ற எண்ணம் அந்தக் கூட்டங்களிலிருந்து பரவியது.

பிறகு நடந்தது என்ன? வால்கர், சவுயர் பட்டறைகள் கட்டிய அருமையான ரொமான்டிக் பாணி (அந்த 19ஆம் நூற்றாண்டுப் பாணி) ஆர்கன்களின் மென்மையான ஸ்டாப்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கீச்சென்று ஒலிக்கும் குழல் வரிசைகளைச் செருகினார்கள். எத்தனையோ முழுதாக அழிந்தன. பெர்லின் பேராலயத்தில் 1905-இல் சவுயர் கட்டிய 113 ஸ்டாப் ஆர்கன் இன்றும் இருப்பதைக் கேட்கும்போது, இழந்தது எவ்வளவு என்று நெஞ்சு வலிக்கிறது. அழித்தவர்கள் யார்? ஆர்கனை வெறுத்தவர்கள் அழிக்கவில்லை. மாநாடுகளுக்குப் போய் ரசனையைக் கற்றுக்கொண்டு வந்த ஆர்வலர்கள்தான் அழித்தார்கள்.

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்டியான் முல்லர் 1738-இல் முடித்த ஆர்கன் அது. 1766-இல் பத்து வயது மொசார்ட் வாசித்தது. 1959–61-இல் மார்குசன் நிறுவனம் செய்த சீரமைப்பில் குழல்களின் குரல் அன்றைய ரசனைக்கேற்ப மாறியது. இன்றும் அதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். மாற்றிய குரலைத் திரும்பப் பெற வழியில்லை. குழலின் வாயில் ஒரு முறை கத்தி பட்டால் பட்டதுதான்.

ஆகவே கூடுவதா கூடாதா என்பது எனக்குப் பெரிய கேள்வி இல்லை. கூடியவர்கள் எதைக் கெட்டது என்று சொல்லிவிட்டுக் கலைகிறார்கள் என்பதே எனக்குப் பயம். முதலில் பதிவு வேண்டும். ஒவ்வொரு குழலின் அளவு, காற்றழுத்தம், யார் எப்போது எதை மாற்றினார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பிரிட்டனில் 1976-இல் தொடங்கிய ஆர்கன் ஆய்வு நிறுவனம் வரலாற்று ஆர்கன்களைத் தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது, தேசியப் பதிவேட்டையும் வளர்த்திருக்கிறது. பஸ் பயணத்தைவிட அது பத்து மடங்கு மேல்.

காற்றறை:

பழம்பதிவு அவர்களே, பதிவு தேவை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பதிவேடு நடுநிலையாக இருந்துவிடும் என்று நம்பாதீர்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் உள்ள மார்ட்டினி தேவாலய ஆர்கனில் 15ஆம் நூற்றாண்டுக் குழல்கள் உண்டு. ஷ்னிட்கர் 1692-இல் அதை விரித்தார், ஹின்ஸ் என்ற கட்டுநர் 1740-இல் மேலும் விரித்தார். பிற்காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களை நீக்கி 1740-இன் நிலைக்கு அதைக் கொண்டுவந்தார் ஆரெண்ட். எல்லா அடுக்குகளும் ஆவணத்தில் இருந்தன. ஆனாலும் எந்த ஆண்டில் நிறுத்துவது என்று மனிதர்கள்தான் முடிவெடுத்தார்கள். முடிவு அற்புதமாக அமைந்தது, கேட்டவர்களுக்குத் தெரியும். அப்படி முடிவெடுக்கப் பல ஆர்கன்களை நேரில், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பழகிய காது வேண்டும். ஒலிப்பதிவில் அது வராது. 32 அடிக் குழல் ஒலிக்கும்போது தரையும் மர இருக்கையும் சேர்ந்து அதிர்வதை ஒலிபெருக்கி எப்படித் தரும்?

மரக்குழல்:

பழம்பதிவு சொன்ன அழிவு நடந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரே ரசனை கொண்டவர்கள் மட்டும் கூடியதால் வந்த கேடு அது. இன்றைய கூடுகையில் ஒரே நாளில் 1850-இன் சிறிய இயந்திர இயக்க ஆர்கன், 1920-களின் பெரிய மின்காற்று ஆர்கன் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். ஒன்றை உயர்த்த இன்னொன்றைத் தாழ்த்தும் பழக்கம் குறைந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

இன்னொன்று, இளைஞர்கள். ஆர்கன் இசைஞர் ஈ. பவர் பிக்ஸ் பெயரில் ஒரு உதவித்தொகை முதல்முறை வருபவர்களைக் கூடுகைக்கு அழைத்துவருகிறது. ஜெர்மனியின் ஆர்கன் கட்டும் கலையையும் இசையையும் யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே சுமார் 400 பட்டறைகள் இருக்கின்றன. அந்தப் பட்டறைகளுக்குள் நுழையும் இளைஞனுக்கு முதல் ஆசை எங்கே பிறந்திருக்கும்? காற்றுப்பெட்டிக்குப் பின்னால் ஏறிப் பார்க்க யாரோ அவனை அனுமதித்த ஒரு நாளில்தான்.

தோல்துருத்தி:

சரி, கூடுகை ஆண்டுதோறும் நடக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். என் நிபந்தனைகள் இரண்டு. ஒவ்வொரு கூடுகையிலும் குறைந்தது ஒரு ஊமை ஆர்கன் நிரலில் இருக்க வேண்டும். கச்சேரி வேண்டாம். ஒரு கட்டுநர் காற்றுப்பெட்டியைத் திறந்து இற்றுப்போன தோலைக் காட்டட்டும், சரிசெய்ய என்ன ஆகும் என்று உரிமையாளர்களின் முன்னிலையில் சொல்லட்டும். கட்டணத்தில் ஒரு பங்கு அந்த ஆர்கனுக்குப் போகட்டும்.

மரக்குழல்:

முதல் நிபந்தனைக்கு நான் முழு ஆதரவு. இரண்டாவதை ஏற்க முடியாது. கட்டணம் ஏற்கெனவே மாணவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு பங்கு ஏற்றினால், வயதானவர்கள் மட்டும் வரும் கூட்டமாகச் சுருங்கிவிடும். அங்கேயே, திறந்த காற்றுப்பெட்டியின் முன்னால், விரும்பியவர்கள் தரட்டும்.

பழம்பதிவு:

விரும்பியவர்கள் தருவது முதல் ஆண்டோடு நின்றுவிடும். கட்டுநருக்குத் திட்டமிட நிலையான தொகை வேண்டும், பட்டறையில் ஒரு வேலைக்கு இடம் பிடிக்கவே நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பணம் வந்து, அவசரத்தில் மலிவான ஆளிடம் கொடுத்து, அவர் பழைய தோலோடு பழைய வால்வுகளையும் தூக்கி எறிந்தால் என்ன செய்வீர்கள்? கட்டணத்தில் பங்கு என்ற யோசனையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தின் முதல் செலவு முழு அளவெடுப்புக்கும் படமெடுப்புக்கும் போக வேண்டும். அது முடியும்வரை யாரும் ஒரு திருகைக்கூடக் கழற்றக் கூடாது.

தோல்துருத்தி:

அளவெடுத்து முடிப்பதற்குள் கூரை ஒழுகி, குழல்களுக்குள் தண்ணீர் இறங்கினால்? முதல் தொகையை ஒழுகலை அடைக்கக் கொடுங்கள், அடுத்ததை அளவெடுக்கக் கொடுங்கள். இந்த வரிசையில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.