சண்டே ஸ்கூல் பாடத்துக்கு ஒரு ஐடியா வேணும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். 12 வயசு பசங்களுக்கு கிளாஸ் எடுக்குறேன், போன வாரம் மத்தேயு 23:25-26, பாத்திரத்த வெளிய மட்டும் சுத்தம் பண்ற பரிசேயர் (இயேசு காலத்து யூத மதப் பிரிவினர்) பத்தி. உள்ள டீ கறை காஞ்சு ஒட்டின டம்ளர, வெளிய மட்டும் பளபளன்னு தேய்ச்சு கொண்டுபோய் காமிச்சேன், நல்லாதான் போச்சு. அப்போ ஒரு பையன், "மிஸ், எங்கப்பா ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து 40 நாளும் கறி தொடமாட்டாரு, ஆனா அம்மாவ திட்டிக்கிட்டே இருப்பாரு, அது உபவாசமா?"ன்னு கேட்டுட்டான். எனக்கு பேச்சே வரல (எங்க வீட்டு கதையும் அதான், அது வேற). பைபிள்ல ஏசாயா 58ம் அதிகாரத்துல சண்டையும் உபவாசமும் சேர்ந்து நடக்குறத ஆண்டவர் கண்டிக்கிறாரு, ஆனா அத அப்படியே சொன்னா அவங்கப்பாவ குத்திக்காட்டுற மாதிரி ஆயிடும், உபவாசமே வேஸ்ட்னு பசங்க நினைச்சிடவும் கூடாது. அனுபவம் உள்ளவங்க எப்படி சொல்லுவீங்க? ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க ப்ளீஸ்.