பிள்ளைக்கு ஆட்டிசம் சான்றிதழ் வாங்கிய அனுபவம்: உங்களுக்கு எப்படி இருந்தது?

நெல்லை அம்மா:
ஆட்டிசப் பாதிப்பை அளக்கும் ஐ.எஸ்.ஏ.ஏ. கேள்வித்தாள் இங்கே எல்லோரும் பார்த்ததுதான். அந்த 40 கேள்விகளுக்கும் டாக்டர் எங்களிடம் பதில் வாங்கிக்கொண்டிருந்தார். மதிப்பெண் ஏற ஏறப் பாதிப்பும் அதிகம் என்பதால் என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசினார். "கண்ணைப் பார்ப்பான் சார், பசிச்சா நல்லாவே பார்ப்பான்." மகன் அதற்குள் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்புகளை உயரப்படி வரிசையாக நிறுத்திவிட்டான். தாளில் சீல் குத்த அதிலிருந்துதான் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்ததும் ஒரே அலறல். டாக்டர் குத்திவிட்டு, அதே இடத்தில், அதே இடைவெளியில் திருப்பி வைத்தார். அழுகை நின்றது. 60 சதவீதப் பாதிப்பு என்று எழுதியதைவிட அதுதான் இன்னும் மனதில் ஓடுகிறது. வெளியே வந்தால் மாமியாரின் போன்: "பையன் பாஸாயிட்டானா?"

திருச்சி அப்பா:
நீங்கள் அதிர்ஷ்டக்காரர். எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் போனோம். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, பேனாவும் கொடுத்தார்கள். அப்புறம் ஃபைலில் இருந்த சான்றிதழைப் பார்த்தார்கள். நான் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே தாளை மெதுவாக இழுத்துக்கொண்டு, "சீட் முடிஞ்சிருச்சு சார்" என்றார் அந்த மேடம். பேனா மட்டும் என் கையில். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சான்றிதழைக் காட்டுவதில்லை. முத்திரை குத்தினால் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள், முத்திரையைத்தான் பார்ப்பார்கள்.

மதுரை மீனாள்:
திருச்சி அண்ணா, கோபம் நியாயம். ஆனால் புதிதாக வருபவர்களைப் பயமுறுத்தாதீர்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவே சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பாதிப் பள்ளிகள் அங்கேயே இறங்கி வரும். சான்றிதழ் இல்லாமல் நாளை பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரோ கூடுதல் நேரமோ எப்படிக் கேட்பீர்கள்? மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேரும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும் கையோடு போட்டுவிடுங்கள், அசலை பீரோவில் வையுங்கள், போனில் ஒரு படம் போதும். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் குணமாகிவிடும் என்பவர்களுக்குக் கொடுக்கும் காசை ஸ்பீச் தெரபிக்குக் கொடுங்கள். என் அனுபவமா? பஸ்ஸில் மகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "வளர்த்த லட்சணம்" என்றது ஓர் அம்மா. அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "போட்டோவுல அழகா இருக்கா" என்றது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சேலம்காரன்:
நெல்லை அக்கா, அந்த 40 கேள்வியில் பாதிக்கு மனைவி மகனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். டாக்டரும் கவனித்துவிட்டார்.

திருச்சி அப்பா:
மீனாள், என் கருத்து மாறவில்லை. சரி, அந்த நிராமயாவுக்குப் பள்ளிக்குத் தெரியாமல் விண்ணப்பிக்க முடியுமா?