பாதித் தம்ளர் தண்ணீரும் நகர்ந்த நிழலும்: கன்டினியூட்டி அனுபவங்கள்

நான் உதவி இயக்குநராகப் பணியாற்றிய முதல் குறும்படத்தில் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் பொருள்களும் உடைகளும் அசைவுகளும் மாறாமல் தொடர்வது) குறிப்பெழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அக்காவும் தம்பியும் சன்னலோர மேசையில் அமர்ந்து வாக்குவாதம் செய்யும் காட்சி அது. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் மேசையையும் உடைகளையும் கைபேசியில் படமெடுத்து வைத்ததால் எதுவும் தவறாது என்று நம்பினேன். ஆனால் படத்தொகுப்பில் பார்த்தபோது, அக்காவின் தம்ளரில் தண்ணீர் பாதியாகக் குறைவதும் அடுத்த ஷாட்டில் மீண்டும் நிறைவதுமாக இருந்தது. நான் எடுத்த படங்கள் டேக் தொடங்குமுன் இருந்த நிலையைக் காட்டினவே தவிர, எந்தச் சொல்லில் அவர் தம்ளரை எடுத்தார், எந்தக் கையால் எடுத்தார், எந்தச் சொல்லில் கீழே வைத்தார் என்பதை நான் வசனத்தாளில் குறித்திருக்கவில்லை.

தம்ளரை மறைக்க வழி கிடைத்தது. அக்கா நாற்காலியிலிருந்து எழும் அசைவின் நடுவிலேயே ஷாட்டை வெட்டினோம்; பார்ப்பவரின் கண் எழும் உடலைப் பின்தொடர்வதால் மேசைமேல் கவனம் செல்லவில்லை. இன்னோரிடத்தில் அக்காவின் குரல் ஓடிக்கொண்டிருக்க, கேட்டுக்கொண்டிருக்கும் தம்பியின் முகத்தை வைத்தோம். காட்சிக்கே அதுதான் வலுவூட்டியது என்று இன்றும் நினைக்கிறேன்.

நிழலுக்கு அப்படி எந்த வழியும் இல்லை. காட்சி முழுவதையும் அகலமாகக் காட்டும் மாஸ்டர் ஷாட்டைக் காலை 10 மணிக்கும், முகத்தை நெருக்கத்தில் காட்டும் க்ளோஸ்-அப்பைப் பிற்பகல் 1 மணிக்கும் எடுத்திருந்தோம். சூரியன் வானில் மணிக்கு ஏறத்தாழ 15 பாகை நகர்வதால், அந்த இடைவெளியில் வெளிச்சத்தின் திசையே மாறியிருந்தது. நிறத்தைக் கலர் கிரேடிங்கில் (எடுத்த படத்தின் நிறத்தைப் பின்னர் சீர்செய்யும் வேலை) இணக்கிவிடலாம். மூக்கின் நிழல் கன்னத்தில் விழும் பக்கத்தை மாற்ற இயலாது. அதன்பின், சன்னலுக்கு வெளியே கறுப்புத் துணி கட்டி வெயிலைத் தடுத்து, விளக்கொளியிலேயே எடுக்குமாறு வற்புறுத்துகிறேன். அந்த வசதி இல்லாவிட்டால், இணைந்து வரவேண்டிய வைடு ஷாட்டையும் க்ளோஸ்-அப்பையும் அடுத்தடுத்து எடுக்கச் சொல்கிறேன்.

மறுமொழி:

படத்தொகுப்பாளராக எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில், ஒருவரின் க்ளோஸ்-அப் மட்டும் 180 பாகைக் கோட்டை (பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோடு; கேமரா அதன் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும்) தாண்டி எடுக்கப்பட்டிருந்ததால், இருவரும் ஒரே திசையில் வேறு யாரையோ பார்ப்பதுபோல் தோன்றியது. கோட்டின்மேலேயே கேமராவை வைத்து எடுத்த நடுநிலை ஷாட் ஒன்றோ, கேமரா கோட்டைக் கடந்து நகரும் ஷாட் ஒன்றோ இருந்திருந்தால் இடையில் செருகியிருப்பேன். இரண்டும் இல்லாததால் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். பார்வைத் திசை சரியானது. ஆனால் சட்டைப்பை வலப்பக்கம் போனது, சுவர் நாட்காட்டியின் எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறின. சுவர் தெரியாதவாறு சட்டத்தைப் பெரிதாக்கி, பை அகப்படாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த நடிகர் கைகளால் செய்திருந்த அருமையான சைகை முழுவதும் அதில் வெட்டுப்பட்டுப் போனது.