விழித்திருப்பவர்கள்: நீங்கள் சந்தித்த விசுவாசிகளைப் பற்றிச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று சில ஆண்டுகளில் மாற்கு 13-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும். வீட்டை வேலைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போகிறார் தலைவர். மாலையோ, நள்ளிரவோ, சேவல் கூவும் நேரமோ, காலையோ, எப்போது திரும்புவார் என்று தெரியாது. விழித்திருங்கள் என்கிறார் இயேசு. நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த உவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பூட்டிக் கிடக்கும் எத்தனை வளவு வீடுகளைத் தினமும் பார்க்கிறோம்! சொந்தக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் மட்டும் இருப்பார்.

நான் வயரிங் வேலை செய்கிறவன். கானாடுகாத்தானில் அப்படி ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஐயாவுக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். கழுத்தில் கத்தோலிக்கர் பக்தியாக அணியும் சின்னத் துணி உத்தரியம் போட்டிருந்தார், கையில் பெரிய சாவிக்கொத்து. காலையில் முகப்பில் தொடங்கி, வளவின் இரண்டு பக்கத்து அறைகள், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போவார். அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலைத் தள்ளிவிடுவார். குனிந்து சுவரடியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார், இருந்தால் விளக்குமாற்றுக் கட்டையால் தட்டிவிடுவார். அப்புறம் அடுத்த கதவு. வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

என்னவென்று கேட்டேன். "ஒரு கதவுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, தம்பி. பத்துக் கதவு ஆச்சுன்னா ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும்" என்றார். ஜெபமாலையைக் கையில் பிடித்தால் சாவியைப் பிடிக்க முடியாதாம்.

மத்தியானம் சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் பேசினார். மனைவி இறந்த பிறகு ரொம்ப நாள் செபத்தில் மனசே ஒட்டவில்லையாம். "கல்லு மாதிரி இருந்துச்சு. வாய்தான் சொல்லும். சாமி கேக்குறாரா இல்லையான்னு பாக்காம சொல்லிக்கிட்டே இருந்தேன். கதவத் தொறக்கணும்ல, அதோட அதுவும்."

எப்போது சரியானது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "அது தெரியல. இப்ப கல்லு இல்ல" என்றார்.

அன்று இருட்டிய பிறகு நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. வீட்டு ஆச்சியும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை. ஐயாவிடம் ஒரு பதற்றமும் இல்லை. முகப்பு விளக்கைப் போட்டார், கதவை அகலத் திறந்தார். ஆச்சி நேரே உள்ளே போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய வீட்டைக் கார் சத்தம் கேட்ட பிறகு கூட்டிப் பெருக்கிவிட முடியுமா?

தவக்காலத் தியானம், குணமளிக்கும் கூட்டம் எதையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே அழுது மனம் மாறியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் விசுவாசத்தில் கடைசிவரை நிற்பவர்கள், எனக்குத் தெரிந்தவரை, அந்த ஐயாவைப் போன்றவர்கள்தான். மனசு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் தினமும் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறவர்கள். உங்களுக்கும் அப்படி யாரையாவது தெரிந்திருக்கும். எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

என் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. என் பெயரைச் சொல்ல வராது. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவார்கள், வார்த்தை வராத கோபத்தில் அழுவார்கள். ஒரு சாயங்காலம் அன்பியத்திலிருந்து, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழுவிலிருந்து, நாலைந்து பேர் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். அருள் நிறைந்த மரியே செபத்தின் முதல் பாதியை அவர்கள் சொல்லி முடித்ததும், அம்மா தெளிவாக, தங்குதடையில்லாமல், "அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று ஆரம்பித்து ஆமென் வரை சொன்னார்கள். இப்போது கோவிலில் சொல்கிற புதிய செபமில்லை, சின்ன வயதில் அவர்களுடைய அப்பத்தா சொல்லிக்கொடுத்த பழைய செபம். நாங்கள் எல்லோரும் அப்படியே நிறுத்திவிட்டோம்.

டாக்டரிடம் சொன்னேன். பேச்சுக்கான பகுதி அடிபட்டாலும் சிலருக்கு நெடுநாள் பழகிய செபம், பாட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது போன்றவை மிஞ்சியிருக்கும் என்றார். சரி, மருத்துவம் சொல்வது அது. எனக்கு அதில் ஒரு சண்டையும் இல்லை. மிஞ்சுவதற்கு உள்ளே ஏதாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? அப்பத்தா போட்டதும், அதற்குப் பிறகு அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு எங்களையெல்லாம் அதட்டி உட்காரவைத்துச் சொன்னதும் அங்கே இருந்தன. மணமகன் வரவுக்காக விளக்கோடு காத்திருக்கும் பத்துக் கன்னிகைகள் உவமையில் எல்லோருமே தூங்கிவிடுகிறார்கள், புத்தியுள்ள ஐந்து பேரும்கூட. தூங்கியதற்காக யாரையும் வெளியே நிறுத்தவில்லை. எண்ணெய் முன்பே இருந்ததா என்பதுதான் கேள்வி. அம்மாவும் அப்படித்தான் அயர்ந்து கிடந்தார்கள், ஆனால் எண்ணெய் இருந்தது. அதன் பிறகு கடைசி நாள் வரை எங்கள் வீட்டில் அம்மாவோடு பேச முடிந்தது ஜெபமாலை நேரத்தில் மட்டும்தான்.

அதே ஊர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மேலே சகோதரி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது.

நான் சந்தித்த மனிதர்களைவிட இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் செம்மண்தான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. போர்ச்சுகலிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே தலை வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததை மறந்துவிடுகிறோம். 1686-இலேயே அவரைப் பிடித்துக் கொடுமையாகச் சித்திரவதை செய்தார்கள். சேதுபதி மன்னர் விடுவித்தபோது, இனி இந்த நாட்டில் போதிக்கக் கூடாது என்று தடை போட்டார். பிறகு ஐரோப்பாவுக்குப் போனார், பிறந்த ஊரான லிஸ்பனுக்குப் போனார். அங்கேயே இருந்திருந்தால் யாரும் கோழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1690-இல் திரும்பி வந்தார், அதே மறவர் சீமைக்கு. மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை அனுப்பிவைத்ததும், அதில் ஒருத்தி சேதுபதியின் உறவாக இருந்ததும், அதனால் வந்த கைதும் அதற்குப் பிறகுதான். என்ன நடக்கும் என்று உடம்பே அறிந்திருந்த மனிதர் திரும்பி வந்தாரே, நான் வியப்பது அதைத்தான். சாகும் நேரத்துத் துணிச்சலை நாம் பெரிதாகப் பேசுகிறோம், கப்பலில் மறுபடி ஏறிய துணிச்சலைப் பற்றி யாராவது பிரசங்கம் வைத்தால் நன்றாக இருக்கும். ஓரியூருக்குப் போகிறவர்கள் மண்ணெடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும்போது இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி:

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள், ஜெபமாலை பழக்கம் எங்களுக்கு இல்லை. முதலில் எழுதிய சகோதரரிடம் ஒரு விஷயத்தில் கொஞ்சம் மாறுபடுகிறேன். கடமைக்குச் சொல்லிச் சொல்லியே உள்ளுக்குள் ஒன்றுமில்லாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன், என் சொந்தத்திலேயே. அந்த ஐயா செய்தது வெறும் கடமை என்று எனக்குத் தோன்றவில்லை. மனைவியை இழந்த வேதனையோடு கர்த்தரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பெயர் பழக்கம் இல்லை, அன்பு.

என் புகுந்த வீட்டில் நான் மட்டும்தான் விசுவாசி. யாரும் தடுத்ததில்லை, ஆனால் சபைக்கு நினைத்தபோதெல்லாம் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். விடியற்காலை, பால்காரர் வருவதற்கு முன், அடுப்படியில் உட்கார்ந்து வேதம் வாசிப்பேன். சண்டே ஸ்கூலில் மனப்பாடம் செய்த வசனங்கள் இட்லி ஊற்றும்போதுகூடக் கூடவே வரும். "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்ற வசனத்தைப் பரிசு வாங்குவதற்காகத்தான் அன்று படித்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓடுவேன் என்று அப்போது தெரியாது.

என் கணவரின் அண்ணன் இதையெல்லாம் பார்த்துக் கேலி பேசிக்கொண்டிருந்தவர். அடுத்த வாரம் அவருக்கு மதுரையில் இதய அறுவை சிகிச்சை. நேற்று ராத்திரி போனில், "நீ கும்பிடுறப்ப எனக்கும் சேத்துச் சொல்லும்மா" என்றார். நான் ஒருத்தி சொல்வது போதாது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று பார்க்காமல் இதைப் படிக்கிற எல்லோரும் செவ்வாய்க்கிழமை காலை அவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.