புதுப்பிப்பு: பிள்ளைகளுக்காகப் பெரிய தோட்டம் தேவையா?

பிள்ளைகள் விளையாட வீட்டு மனை அரை கிரவுண்டு போதுமா, ஒரு கிரவுண்டு வேண்டுமா என்று பேசிய முந்தைய இழையில் விட்டுப்போனவை இவை.

ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆனால் காலியிடம் வீட்டைச் சுற்றி 5 அடிச் சந்தாகச் சிதறிப்போனால் பந்து உருட்டக்கூட உதவாது. அரை கிரவுண்டில் 15-க்கு 20 அடி ஒரே துண்டாகக் கிடைத்தால் அதுவே மேல். அந்தத் துண்டு கிழக்கில் இருக்கட்டும்: பள்ளிவிட்டு வரும் நேரத்தில் வீட்டு நிழல் அங்கேதான் விழும். மேற்கில் வைத்தால் ஆறு மணிவரை கதவைத் திறக்க மாட்டீர்கள்.

மணல்குழி 5-க்கு 5, ஆழம் ஓரடி. ஜல்லியும் சேர்த்து மொத்தக் குழி 25 கன அடி. அடியில் 3 அங்குலம் ஜல்லி போட்டு, அதன்மேல் நீர் இறங்கும் துணி விரித்து, பிறகு ஆற்று மணல். சிமெண்ட் தளம் போட்டால் மழைநீர் தேங்கி நாறும். எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டாம், தூசி, கையைக் கீறும். இரவில் மூடாவிட்டால் பூனைக்குத்தான் கொண்டாட்டம்.

ஊஞ்சலை முருங்கையில் கட்டாதீர்கள், கிளை சொல்லாமல் முறியும். வேலியோர அரளியை வேரோடு எடுங்கள். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. தென்னை இருந்தால் விளையாட்டுத் துண்டை அதன் அடியிலிருந்து தள்ளி வையுங்கள்.

பராமரிக்க ஆளில்லையா? அரை கிரவுண்டோடு நிறுத்துங்கள்.